அடைத்த கதவின் முன்னே

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



‘வறியோர்க்குத் தொண்டு செய்வதால் கல்லூரி மாணவர் பெறும் பயன்’ என்னும் தலைப்பை விழாக் குழுவினர் எனக்கு அளித்துள்ளனர். அழைப்பிதழில் இதனைக் கண்ட நண்பர் ஒருவர், “இலக்கிய மேடைக்கு இந்தத் தலைப்பு எதற்கு? நீங்கள் ஆய்ந்த பத்துப்பாட்டைப் பற்றியே பேசியிருக்கலாமே” என்று தொலைபேசியில் வருந்தினார். அவர் இந்த அவையில்தான் இருக்கிறார். அவருக்கு ஆறுதலாக ஒன்று சொல்லிவிடுகிறேன். எந்த வழியாகச் சுற்றினாலும் என் பேச்சு பத்துப்பாட்டில்தான் வந்து நிற்கும். எனக்கு வேறு ஊர் தெரியாது.

2017 தொடங்கி நான்காண்டுகள் எங்கள் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராகப் பணியாற்றினேன். அந்த அனுபவத்தை வைத்தே பேசுகிறேன். அத்திட்டத்தின் வரலாற்றை நீட்டிச் சொல்லப் போவதில்லை. விடுதலைக்குப் பின் டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக்குழுவே, மாணவர் தாமாக முன்வந்து செய்யும் சமூகப் பணியைப் பரிந்துரைத்தது. அதனைக் கட்டாயமாக்கலாமா, விருப்பத்துக்கு விடலாமா என்று பின்னர்க் குழுக்கள் பல ஆராய்ந்தன. முடிவில், காந்தியடிகள் நூற்றாண்டான 1969 இல், செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு இத்திட்டம் தொடங்கப்பெற்றது. அப்போது நடுவண் கல்வியமைச்சராக இருந்தவர் பொருளியல் அறிஞர் வி.கே.ஆர்.வி. ராவ். சேர்ந்த மாணவர் ஈராண்டில் 240 மணி நேரம் பணியாற்ற வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்றில் தங்கவும் வேண்டும். ‘நான் அல்ல, நீ’ என்னும் பொருள்பட அமைந்தது இதன் குறிக்கோள் தொடர். நல்ல தொடர்தான். ஆனால் அந்த ‘நீ’ யார் என்று கேட்கத் தொடங்கும்போதுதான் சிக்கல் வருகிறது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

1998 இல் நானும் ஒரு மாணவத் தொண்டராக முகாமுக்குச் சென்றவள். ஒரு சிற்றூரில் பத்து நாள் தங்கி, மண்வெட்டி பிடித்துக் கை கொப்புளித்து, ஏறத்தாழ அரைக் கல் தொலைவுக்குச் செம்மண் சாலை ஒன்று போட்டோம். அடுத்த ஐப்பசி மழையில் அது வாய்க்காலோடு போய்விட்டது. மரக்கன்றுகளும் நட்டோம். தமிழகத்து முகாம்களில் இதுவரை நட்ட கன்றுகள் எல்லாம் பிழைத்திருந்தால், நாம் இன்று காட்டுக்கு நடுவில் அமர்ந்துதான் இவ்விழாவைக் கொண்டாட வேண்டியிருக்கும். ஆகவே, மாணவர் தொண்டினால் ஏழைகளுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் நான் அடக்கமாகவே விடை கூறுவேன். நல்லவேளையாக என் தலைப்பு, மாணவருக்கு என்ன கிடைத்தது என்பது மட்டுமே. சான்றிதழுக்காகத்தான் வருகிறார்கள் என்று குறை கூறுவோர் உண்டு. வரட்டும். சான்றிதழுக்காக வந்தவள் திரும்பும்போது வேறொன்றையும் எடுத்துச் செல்வதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாட்டுப் பகுதிகளில் தலைமுறைத் தோப்புகள் ஓர் இரவில் சாய்ந்ததை இங்குள்ள பலரும் பார்த்திருப்பீர்கள். தென்னைகள் இலட்சக்கணக்கில் விழுந்தன. மின்கம்பங்கள் விழுந்து, சில ஊர்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. வெளியூர்களிலிருந்து அன்பர்கள் சரக்குந்துகளில் பொருள் கொண்டு வந்தனர். ஆனால் அவை பெரும்பாலும் நெடுஞ்சாலை ஓரத்திலேயே தீர்ந்துபோயின. உட்கிடைக் குடியிருப்புகளுக்கு மெழுகுவத்தியும் தார்ப்பாயும் போய்ச் சேரவில்லை.

எங்கள் அணியில் இளங்கலைத் தமிழ் மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி இருந்தாள். வகுப்பில் வாய் திறவாதவள். பொருள் ஏற்றிய வண்டியில் ஓட்டுநர் அருகில் அமர்ந்து, எந்த வாய்க்கால் கரையில் வண்டி போகும், எந்த இடத்தில் மரம் இன்னும் அகற்றப்படவில்லை, எந்தத் தெருவுக்கு எவரும் இதுவரை வரவில்லை என்று அவள்தான் வழிகாட்டினாள். எனக்கு வியப்பாக இருந்தது. “உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன். “இந்தப் பக்கம் சொந்தக்காரங்க இருக்காங்கம்மா” என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

2019 பிப்ரவரியில், அப்பகுதிச் சிற்றூர் ஒன்றிலேயே எங்கள் ஏழு நாள் முகாமை அமைத்தோம். ஐம்பது மாணவியர். ஊராட்சிப் பள்ளிக் கட்டடத்தில் தங்கல். முதல் நாள் கொடியேற்றம், ஊர்வலம், தலைவர்கள் உரை ஆகியவை எல்லா முகாம்களையும் போலவே நடந்தன. இரண்டாம் நாள் காலை, வீடுவீடாகச் சென்று குடும்ப நிலையைக் கணக்கெடுக்க அனுப்பினேன். இருவர் இருவராகச் சென்றார்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் கோப்பு, பேனா. முக்கால் மணி நேரத்தில் பாதிப் பேர் திரும்பி வந்துவிட்டார்கள். “வீட்டில் எவரும் இல்லை அம்மா” என்றார்கள். ஓரிடத்தில் ஒரு சிறுவன், “அம்மா இல்லையாம்” என்று சொல்லியிருக்கிறான். ‘இல்லையாம்’ என்ற சொல்லைக் கேட்டு மாணவியர் சிரித்திருக்கிறார்கள். வேறு ஒரு வீட்டில் கதவு சாத்தியிருந்தது. உள்ளே பாத்திரம் உருளும் ஓசை கேட்டது.

அந்த மாணவிதான் எனக்கு விளக்கினாள். “இன்னைக்குச் செவ்வாய்க்கிழமைம்மா. குழுக்கடன் வசூலுக்கு ஆள் வர்ற நாள். நம்ம புள்ளைங்க கோப்பும் கையுமாப் போனதும் கடன்காரங்கன்னு நெனச்சுட்டாங்க.”

வாரத் தவணைக் கடனை நீங்கள் அறிவீர்கள். பெண்கள் பத்துப் பேர் ஒரு குழுவாகச் சேர்ந்து, ஒருவருக்கு மற்றவர் பொறுப்பேற்று வாங்குவது. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர் தலையில் விழும். புயலுக்குப் பின் வேலை இல்லை. தவணை நாள் மட்டும் வாரந்தோறும் தவறாமல் வந்தது. வசூலுக்கு வருபவருக்கு அஞ்சுவதைக் காட்டிலும், உடன் கடன் பெற்ற பக்கத்து வீட்டுக்காரியின் முகத்தைப் பார்க்கவே அஞ்சிக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள் என்று அவள் சொன்னாள்.

நண்பர் மன்னிப்பாராக, இப்போது பத்துப்பாட்டுக்கு வந்துவிட்டேன். நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில், நல்லியக்கோடனைக் கண்டு பரிசில் பெறுவதற்கு முன்பு பாணன் வீட்டில் இருந்த வறுமையைக் கூறும் பகுதி உங்களுக்கு நினைவிருக்கும். அண்மையில் குட்டி ஈன்ற நாய், பாலற்ற தன் மடியைக் கண் திறவாத குட்டிகள் பற்றி இழுப்பதைப் பொறுக்கமாட்டாமல் குரைக்கும் அடுக்களை. கரையான் அரித்த சுவர். அங்கே ஒரு பெண், குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி எடுத்து வந்து, உப்பும் இல்லாமல் வேகவைக்கிறாள். பிறகு அவள் செய்வதுதான் நாம் நின்று பார்க்க வேண்டியது. வறுமையின் இயல்பை அறியாதவர் கண்டுவிடுவார்களே என்று நாணி, வாயிற்கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தார் அனைவரோடும் கூடியிருந்து உண்கிறாள்.

பதினைந்தாண்டுகளாக நான் இப்பகுதியை வகுப்பில் நடத்தி வந்தேன். வறுமைப் புனைவுக்குச் சிறந்த சான்று என்பேன். இளிவரல் என்னும் மெய்ப்பாட்டைச் சொல்லுவேன். தேர்வுக்கு வரக்கூடிய பகுதி என்று கோடிட்டுக்கொள்ளச் சொல்லுவேன். அக்கதவுக்கு வெளியே நிற்பவர் யார் என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை, பள்ளித் திண்ணையில் நின்றுகொண்டிருந்தபோது எனக்கு அது விளங்கிற்று. வெளியே நிற்பவர்கள் நாங்கள்தாம். கோப்பும் பேனாவுமாக நிற்கிறோம்.

அன்று மாலை அந்த மாணவியின் யோசனைப்படியே செய்தோம். கோப்புகளைப் பள்ளியிலேயே வைத்துவிட்டு, அடையாள அட்டைகளைக் கழற்றிவிட்டு, மறுநாள் புறப்பட்டார்கள். வாசல் பக்கம் போகாமல் கிணற்றடிக்கும் கைப்பம்புக்கும் போய் நின்றார்கள். குடம் தூக்கிவிட்டார்கள். பேச்சு தானாகத் தொடங்கியது. தாளில் எழுதுவதை இரவு பள்ளிக்குத் திரும்பிய பின் வைத்துக்கொண்டோம்.

அப்படி எழுதும்போது படிவமே எங்களைக் கைவிட்டது. ‘மாத வருமானம்’ என்று ஒரு கட்டம். ஒரு மாணவி அதைக் கேட்டதற்கு ஒரு மூதாட்டி, “எந்த மாசம்?” என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். அவள் விழித்திருக்கிறாள். நானும் விழித்தேன். மாதம் என்பது சம்பளக்காரர்களின் அளவை என்று அன்றுதான் உணர்ந்தோம். நடவு உண்டு, களையெடுப்பு உண்டு. அறுவடையை எந்திரம் எடுத்துக்கொண்டது. நடுவே நூறு நாள் வேலை வந்தால் வந்தது. தையில் கையில் காசு இருக்கும். ஆடியில் தோடு அடகுக்குப் போகும். அந்தத் தோடு அடுத்த தையில் திரும்பி வந்தால் அது நல்ல ஆண்டு. பொருளியல் மாணவி ஒருத்தி, அச்சிட்ட கட்டத்தை அடித்துவிட்டுப் பன்னிரண்டு தமிழ் மாதங்களுக்கும் தனித்தனிக் கட்டம் வரைந்தாள். அவளுடைய பாடநூலில் குடும்ப வரவு செலவுத் திட்டம் என்று ஓர் இயல் உண்டாம். இந்த ஊர்ப் பெண்கள் அதை எழுதாமலே, அவளுடைய ஆசிரியர்களைக் காட்டிலும் நுட்பமாகப் போட்டு வைத்திருக்கிறார்கள் என்றாள். ஏழைக்குக் கணக்குத் தெரியாது, சிக்கனம் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று முதல் நாள் மேடையில் ஒருவர் பேசியிருந்தார். நான்காம் நாள் அவர் மீண்டும் வந்து அதையே பேசியிருந்தால், எங்கள் மாணவியர் மரியாதை குறையாமல் எழுந்து மறுத்திருப்பார்கள்.

‘குடும்ப உறுப்பினர் எத்தனை பேர்’ என்ற கட்டமும் அப்படித்தான். காலையில் கேட்டால் நால்வர். இரவில் உண்பவர் எண்மர். கூரை போன தம்பி வீட்டுப் பிள்ளைகள் இங்கேதான் உண்கிறார்கள். கதவை அடைத்துக்கொண்ட அந்தச் சங்ககாலப் பெண்ணும் சுற்றத்தோடுதானே உண்டாள்? கதவு பார்க்க வருபவருக்குத்தான் அடைபடுகிறது.

தென்னங்கீற்று முடையும் பெண்மணி ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மட்டையை நெடுக இரண்டாகப் பிளந்து, தண்ணீரில் ஊறவைத்து முடைவது அவ்வூர்ப் பெண்கள் பலருக்குத் தொழில். புயலுக்குப் பின் எங்கு பார்த்தாலும் ஓலை கிடந்தது. கூரை இழந்தவர்களோ எண்ணற்றவர்கள். கீற்றுக்கு அவ்வளவு கேட்பு. ஆகவே இவருக்கு நல்ல காலம்தான் என்று எங்கள் மாணவியர் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அதை அவரிடமே சொல்லவும் சொல்லியிருக்கிறார்கள். அந்த அம்மையார் சிரித்துவிட்டு, “இந்த ஓலை எத்தன நாளைக்கு வரும் பாப்பா? நட்ட கன்னு மட்டை விடறதுக்குள்ள என் கை முடங்கிப் போயிரும்” என்றாராம். நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதற்குள் மட்டை உரிப்பவர், மரமேறுபவர், கயிறு திரிப்பவர், கீற்று முடைபவர் எல்லாரும் எங்கே போவது? விழுந்த மரம் ஒன்றுக்கு அரசு 600 ரூபாயும், அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும் இழப்பீடு அறிவித்திருந்தது. அது மரத்துக்கு உரியவருக்குப் போய்ச் சேரும். போதுமா போதாதா என்பது வேறு வழக்கு. அந்த அம்மையார் கேட்டது அதுவன்று. “மரத்துக்குப் பணம் உண்டுங்கறாங்க. ஓலைக்கு உண்டா?” என்று கேட்டார்.

அன்றிரவு கலந்துரையாடலில் இக்கேள்வியை வைத்து மாணவியர் நள்ளிரவு வரை வாதிட்டார்கள். உடைமை இழந்தவருக்குக் கணக்கு இருக்கிறது. உடைமையே இல்லாதவர் இழந்ததை எந்தப் பதிவேட்டில் எழுதுவது? எனக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன். ஆசிரியர் தெரியாது என்று சொல்வதைக் கேட்பதும் மாணவருக்கு ஒரு பாடம்தான். வகுப்பறையில் அதற்கு நாங்கள் அதிகம் இடம் கொடுப்பதில்லை.

திருவள்ளுவர் ஈகைக்கு முன்னால் ஒப்புரவை வைத்தார். அவ்வதிகாரத்துக்கு ஒப்புரவறிதல் என்றே பெயர். உலக நடையை அறிந்து செய்வது என்பதே பரிமேலழகர் தரும் விளக்கத்தின் கருத்து. கொடுப்பதற்கு முன்னால் அறிதல் நிற்கிறது. எங்கள் முகாம்களில் நாங்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் போர்வை; நேரம் இருந்தால் அறிதல்.

மணிமேகலையிலும் இதற்கு நெருங்கிய ஒன்று உண்டு. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அவள் கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் அப்படியே எடுத்துக் கொடுக்கத் தொடங்கிவிட முடியவில்லை. முதலில் ஒரு வீட்டு வாசலில் நின்று பிச்சை ஏற்க வேண்டியிருந்தது. ஆதிரை இட்ட சோற்றுக்குப் பின்னரே அப்பாத்திரம் ஊருக்கு உணவளித்தது. எங்கள் முகாமிலோ, ஊராருக்குச் சுமையாகிவிடக் கூடாது என்று எண்ணி, எவர் வீட்டிலும் எதையும் வாங்கி உண்ணக்கூடாது என நானே விதி செய்திருந்தேன். நல்லெண்ணத்தில் செய்த விதிதான். அது ஊராரைப் புண்படுத்தியது. மூன்றாம் நாள் அதை நீக்கினேன்.

நீக்கிய பிறகுதான் மற்றொன்று வெளிப்பட்டது. ஊர்த் தெருவுக்கு அப்பால் உள்ள காலனித் தெருவில் ஒரு பாட்டி மோர் கொடுத்திருக்கிறார். இருவரில் ஒருத்தி குடித்தாள். மற்றவள், “வயிறு சரியில்லை பாட்டி” என்று சொல்லியிருக்கிறாள். பாட்டி ஒன்றும் சொல்லாமல் அந்தக் குவளையை உள்ளே எடுத்துச் சென்றாராம். மறுநாளும் அதே வீடு, அதே மறுமொழி. என் காதுக்கு வந்தது. அழைத்துக் கண்டிக்கலாம் என்று எண்ணினேன். ஏனோ செய்யவில்லை. கண்டித்திருந்தால் அவள் குடித்திருப்பாள். கற்றிருக்க மாட்டாள் என்று இப்போது சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் எனக்குத் துணிவு வரவில்லை. அவள் பெற்றோர் கல்லூரிக்கு வந்து கேட்பார்கள் என்னும் அச்சமும் இருந்தது. ஆறாம் நாள் இரவு, ஒவ்வொருவரும் தம் அனுபவத்தைக் கூறும்போது அவள் எழுந்தாள். நெடுநேரம் பேசாமல் நின்றாள். பிறகு, “எனக்கு வயிறு நல்லாத்தான் இருந்துச்சு” என்று மட்டும் சொல்லிவிட்டு அமர்ந்தாள். எவரும் கைதட்டவில்லை. அவள் அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போனாளா, மோர் குடித்தாளா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அவள் கற்றது அந்த ஒரு தொடர் அளவுதான். பொய்யைப் பொய் என்று பலர் முன்னிலையில் சொல்ல இருபது வயதில் முடிந்திருக்கிறது. எனக்கு அந்த வயதில் முடிந்ததில்லை.

இனி, தொடக்கத்தில் நிறுத்தி வைத்த ‘நீ’ என்ற சொல்லுக்கு வருகிறேன்.

முகாம் நிறைவு விழாவில் முப்பது குடும்பங்களுக்குப் பாயும் போர்வையும் வழங்கினோம். சிறப்பு விருந்தினர் வழங்க, ஊர்ப் பெண்கள் வரிசையில் வந்து பெற்றுக்கொண்டார்கள். படம் எடுக்கப்பட்டது. நல்ல படங்கள். அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து பெரிதாக்கி, ‘ஏழை எளியோர்க்கு எம் மாணவியரின் தொண்டு’ என்று என் கையாலேயே தலைப்பு எழுதி, கல்லூரி நுழைவாயில் அறிவிப்புப் பலகையில் வைத்தேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று எனக்குக் கொஞ்சம் செருக்கு உண்டு.

பதினாறு நாள் கழித்து, வழிகாட்டிய அந்த மாணவி என் அறைக்கு வந்தாள். துறையில் வேறு எவரும் இல்லாத நேரமாகப் பார்த்து வந்திருக்கிறாள். “அம்மா, அந்தப் படத்தை எடுத்துர்றீங்களா?” என்றாள். ஏன் என்று கேட்டேன். “போர்வை வாங்குறது எங்க சித்திம்மா. அவங்க மக இங்கதான் முதலாமாண்டு வணிகவியல் படிக்கிறா. பதினாறு நாளா வாசல் பக்கம் வர்றதில்ல. விளையாட்டுத் திடல் பக்கம் சுத்தி வகுப்புக்குப் போறா.”

அப்போதுதான் மற்றவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டேன். புயலில் இவள் வீட்டுக் கூரையும் போயிருந்தது. நவம்பரில் எங்கள் வண்டியில் அமர்ந்து பிறருக்குத் தார்ப்பாய் பிரித்துக் கொடுத்தபோது, இவள் தாயும் தம்பியும் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் படுத்திருந்தார்கள். “ஏன் சொல்லவில்லை? ஒரு தார்ப்பாய் உனக்கு எடுத்து வைத்திருப்பேனே” என்றேன். “எங்க தெருவுக்கும் வந்துச்சும்மா. வேற வண்டியில வந்துச்சு. வரிசையில நின்னு அம்மா வாங்கிட்டாங்க” என்றாள். ஒரு வண்டியில் கொடுப்பவள். இன்னொரு வண்டியின் முன் வரிசையில் நிற்பவளின் மகள். ‘நான் அல்ல, நீ’ என்னும் தொடரை அவளுக்கு நான் எப்படி விளக்குவேன்? எங்களைப் போன்ற கல்லூரிகளில், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்களே மிகுதி. ஏழைகளுக்கு உதவுங்கள் என்று மேடையில் நின்று நாங்கள் முழங்கும்போது, எதிரே அமர்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் அச்சொல்லைத் தம் வீட்டுக் கதவு தட்டப்படும் ஓசையாகக் கேட்கிறார்களோ?

ஆற்றுப்படை என்பது யாது? முன்பு வறுமையில் உழன்று பரிசில் பெற்று மீள்பவன், இன்னும் வறுமையில் இருப்பவனுக்கு வழி காட்டுவது. வழியை அறிந்தவன் அவனே. வள்ளலுக்கு அந்த வழி தெரியாது. புலவர் கூட்டத்துக்கும் தெரியாது. எங்கள் முகாமில் எந்த நாளில் எந்தக் கதவு அடைபடும், எந்தப் பக்கமாகப் போனால் பேச்சுத் தொடங்கும் என்று அறிந்திருந்தவள் அவள் ஒருத்திதான். நான் எழுதிய முகாம் அறிக்கையில் சிறப்பு விருந்தினர் பெயர் இருந்தது. உணவு வழங்கியவர் பெயர் இருந்தது. ஒலிபெருக்கி அமைத்தவர் பெயரும் இருந்தது. அவள் பெயர் ஐம்பதில் ஒன்றாகப் பட்டியலில் இருந்தது.

அன்று மாலையே படத்தை எடுத்துவிட்டேன். பதினாறு நாள் அது அங்கே இருந்தது இருந்ததுதான். அவளிடம் வருந்துவதாகச் சொன்னேன். “பரவாயில்லம்மா, உங்களுக்குத் தெரியாதே” என்றாள். நத்தத்தனார் பாட்டில் அந்தப் பெண் எவர் கண்ணுக்கு நாணிக் கதவடைத்தாளோ, அவர்களும் வறுமையை அறியாதவர்கள்தாம். முனைவர் பட்டம் பெற்ற நான் அந்த வரிசையில் போய் நின்றிருந்தேன்.

மாணவர் பெற்ற பயனைக் கூறச் சொன்னீர்கள். ஆசிரியர் பெற்றதைக் கூறிக்கொண்டிருக்கிறேன் என்று விழாக் குழுவினர் எண்ணக்கூடும். பொறுத்தருள்க. ஒன்றே ஒன்றைக் கூறி அமர்கிறேன்.

எங்கள் கல்லூரியில் ஆண்டுதோறும் உதவித்தொகைப் படிவங்கள் வரும். வகுப்பாசிரியர் வகுப்புக்குள் வந்து, “உதவித்தொகைக்கு உரியவர்கள் எழுந்து நில்லுங்கள்” என்பார். நிற்பவர்களைத் தலை எண்ணிப் படிவம் தருவார். நான் மாணவியாக இருந்தபோதும் அப்படித்தான் நடந்தது. ஆசிரியையான பின் நானும் அப்படித்தான் பல்லாண்டுகள் செய்தேன். அதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை. 2019 சூலைக்குப் பிறகு, என் வகுப்புக்கு வரும் படிவங்களை நூலகத்தில், செய்தித்தாள் மேசையின் ஓரத்தில் வைத்துவிடுகிறேன். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். எத்தனை பேர் எடுத்தார்கள் என்பதை மாலையில் மிஞ்சியதை எண்ணித் தெரிந்துகொள்கிறேன்.